பழைய பிக்கப் சேசிஸில் துரு: தகடு வைத்து அடித்தால் போதுமா?

நாகலூர்_மிளகு எழுதியது:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. அப்பா வாங்கிய 2005 மாடல் பிக்கப் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். போகும்போது காப்பி, மிளகு, சீசனில் கொஞ்சம் ஆரஞ்சு. வரும்போது சேலத்திலிருந்து உரம், சிமெண்ட். 20 வருடமாக இதே ஓட்டம்தான்.

போன வாரம் பின்பக்கம் 'டக் டக்' என்று ஒரு சத்தம். அடிவாரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். ஸ்பிரிங் பட்டையில் ஒன்றும் இல்லை. ஆனால் இடதுபக்கம், பட்டையைச் சேசிஸில் மாட்டும் முன் ஹேங்கருக்கு ஒரு ஜாண் முன்னால், சேசிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், கீழ்விளிம்பு பொரிந்துபோய் அடுக்கடுக்காக உரிகிறது. மெக்கானிக் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார். உள்ளே போய்விட்டது. என் வயிற்றுக்குள் போன மாதிரி இருந்தது.

"மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடலாம், மதியத்துக்குள் முடிந்துவிடும், இரண்டாயிரம் கொடுங்க" என்கிறார். டிசம்பரில் எஃப்சி (தகுதிச் சான்று) வருகிறது. எஃப்சியை விடுங்கள், 20 கொண்டை ஊசி வளைவில் ஒரு டன் சுமையோடு இறங்குகிற வண்டி. இந்தத் தகடு தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லீ_பஜார்_லோடு எழுதியது:

வித்துருங்க. சேசிஸில் துரு வந்துவிட்டால் அது புற்றுநோய் மாதிரி. பழைய இரும்புக்குப் போட்டாலே ஒரு தொகை வரும்.

நாகலூர்_மிளகு எழுதியது:

இன்ஜின் வேலை செய்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை அண்ணா. மனசு வரவில்லை.

சங்ககிரி_பட்டறை எழுதியது:

தம்பி, அந்த மதியத்துக்குள் முடியும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். நான் 30 வருடத்துக்கு மேலாக லாரி சேசிஸ் வேலை பார்க்கிறேன். துருவுக்கு மேல் தகடு வைத்து அடித்த வண்டிகளைத் திரும்பவும் பிரித்துப் போட்டிருக்கிறேன். பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? சிவப்பு மாவு. தகட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லை. திறந்த இடத்தில் 5 வருடத்தில் ஆகிற கேடு அங்கே 2 மழையில் ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கருப்புப் பெயிண்டோடு பளபளவென்று இருக்கும், அதுதான் பயமே.

முதலில் துரு எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். கால் கிலோ சுத்தி ஒன்று எடுத்து, இரண்டு பக்கமும் முன்னாலிருந்து பின்னால் வரை நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று மணி மாதிரி சொல்லும். சத்தம் செத்து 'தொப்' என்று கேட்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிறகு அந்த வட்டங்களைச் சிப்பிங் சுத்தியால் கொத்தி, கிரைண்டரில் கப் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். நல்ல இடத்தில் விளிம்பின் கனத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள், துருப்பிடித்த இடத்திலும் அளங்கள். அந்த இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

இன்னொன்று. பாடியைத் தூக்காமல் பார்த்தது பார்த்த கணக்கே இல்லை. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் மரப் பேக்கிங் இருக்கிறதல்லவா, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கன்னங்குறிச்சி_வாத்தியார் எழுதியது:

ஒரு சந்தேகம். சென்னை, தூத்துக்குடி என்றால் கடல் காற்று. மீன் வண்டி என்றால் ஐஸ் தண்ணீரும் உப்பும் ஒழுகும். சேலத்திலும் ஏற்காட்டிலும் உப்பு ஏது? மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது.

காப்பித்தோட்டம் எழுதியது:

வாத்தியாரே, அவர் முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது. உரம்.

காப்பிக்குப் போடும் பொட்டாஷ், அதாவது மியூரேட் ஆஃப் பொட்டாஷ், வேறொன்றும் இல்லை, பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி. கடல் காற்றில் இரும்பைத் தின்பதும் குளோரைடுதான், இந்த மூட்டையில் இருப்பதும் குளோரைடுதான். மூட்டை கிழிந்து ஒரு கை அளவு சிந்தினாலும், பாடியின் பலகை இடுக்கில் இறங்கிச் சேசிஸ் மேல் உட்கார்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொண்டு நசநசவென்று கிடக்கும். எங்கள் மலையில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, நடுவில் பனிமூட்டம். கீழே சேலத்தில் ஒரு வெயிலில் காய்ந்துவிடுகிற வண்டி, மேலே நாள் கணக்கில் காயாது.

சாணி எரு ஏற்றினாலும் இதே பாடுதான். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் ஓடுகிற சீசனில் ஈரமான காப்பித் தோலை அள்ளிக் கொட்டுவோம், அந்தத் தண்ணீர் புளித்தால் அமிலம். எங்கள் தோட்டத்து டிராக்டர் டிரெய்லர் அடித்தளம் போனது அப்படித்தான். டிராக்டரைக் கழுவுவோம், டிரெய்லரை யார் கழுவுகிறார்கள்?

நாகலூர் தம்பி, உர மூட்டையை எப்போதும் எந்தப் பக்கம் அடுக்குவீர்கள்?

நாகலூர்_மிளகு எழுதியது:

இடதுபக்கம் ஐயா. கோடவுனில் அந்தப் பக்கம்தான் இறக்க வசதி. இப்போதுதான் உறைக்கிறது.

டெட்ராய்ட்_ஆத்தூரான் எழுதியது:

அமெரிக்காவில் இருந்து ஒரு ஆத்தூர்க்காரன். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் டன் கணக்கில் உப்பைக் கொட்டுவார்கள், ஐஸ் உருக. அதனால் பழைய பிக்கப் என்றாலே முதலில் குனிந்து சேசிஸைத்தான் பார்ப்போம், இன்ஜினெல்லாம் அப்புறம். டொயோட்டாவே இதில் மாட்டியது. டகோமா, டுண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுகிறது என்று வழக்குப் போட்டு, 2016ல் சமரசத்துக்கு வந்தார்கள். சுமார் 15 லட்சம் வண்டிகள். மொத்தச் செலவு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று பேச்சு. ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடாமல் சேசிஸையே மாற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தப் பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் நம் ஊர்த் தகடு எந்த மூலைக்கு.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பல வண்டிகளில் சேசிஸ் நாலு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி இருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும், ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். உங்களுடையது ஒரு பக்கம் திறந்த, 'C' எழுத்து வடிவ சி சேனல் போலிருக்கிறது. கைவிட்டுத் தடவிப் பார்க்க முடிகிறதே, அதுவே பாதி அதிர்ஷ்டம்.

ஓமலூர்க்காரன் எழுதியது:

எங்க தாத்தா காலத்திலிருந்து மழைக்கு முன்னால் சேசிஸுக்குப் பழைய ஆயில் அடிப்பதுதான் வழக்கம். டீசலில் கலந்து ஸ்பிரே பண்ணினால் போதும். துரு கிட்ட வராது. எதற்கு இவ்வளவு பேச்சு?

சங்ககிரி_பட்டறை எழுதியது:

ஓமலூர் தம்பி, நல்ல இரும்பில் அடித்தால் ஆயில் கொஞ்ச நாள் ஈரத்தை ஒதுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் புஷ்ஷில் பட்டால் ஊறி உப்பிவிடும். மண்ணும் தூசியும் அதில் அப்பிக்கொள்ளும், அந்த அப்பிய மண்ணே அப்புறம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே அடுக்கடுக்காக உரிகிற துருவின் மேல் அடித்தால் மேல் அடுக்குதான் நனையும், அடி அடுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஆயில் ஊறிய சேசிஸில் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். பற்றவைத்த இடமும் நுரைத்துப்போய் உள்ளுக்குள் ஓட்டை ஓட்டையாக இருக்கும். என் பட்டறையில் ஒருமுறை எரிந்தது, ஈரச்சாக்கு பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

ஓமலூர்க்காரன் எழுதியது:

சரி, தாத்தா வண்டியும் கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போனது. ஒத்துக்கொள்கிறேன்.

நாகலூர்_மிளகு எழுதியது:

10 நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பட்டறை அண்ணன் சொன்னபடி சேலத்தில் வேறொரு இடத்தில் விட்டு, பாடியைச் செயின் பிளாக்கில் தூக்கினோம். தூக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கீழ்விளிம்பில் பார்த்தது ஓர் இடம். மரப் பேக்கிங்குக்கு அடியில் மேல்விளிம்பில் இன்னும் இரண்டு இடம். மரம் ஊறிக் கறுத்துப்போய், பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னால் உப்புக் கரித்திருக்கும், யாரும் வைக்கவில்லை. மரத்தை எடுத்ததும் இரும்பு வெற்றிலை வெற்றிலையாகக் கையோடு வந்தது.

அளவு: நல்ல இடத்தில் 4 மில்லி (மில்லிமீட்டர்). மேல்விளிம்பில் மோசமான இடத்தில் 2.3. கீழே ஸ்குரூடிரைவர் போன இடத்தில் அளக்கவே ஒன்றும் இல்லை, ஓட்டை மட்டும் 5 ரூபாய்க் காசு அளவு. அதைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு மெலிந்திருக்கிறது. சேசிஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம், அதாவது கிராஸ் மெம்பர் ஒன்று சேருகிற இடத்தில் இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு பொங்கி, தகட்டையே விரித்துவிட்டது. ஒரு ரிவெட் தலை தெறித்துப்போயிருக்கிறது. 'டக் டக்' சத்தம் அங்கிருந்துதான். வலதுபக்கம் மேலோட்டத் துரு மட்டும், தட்டினால் ணங் என்கிறது.

சங்ககிரி_பட்டறை எழுதியது:

இரண்டு தகட்டுக்கு நடுவில் துரு பொங்குவது சாதாரண விஷயம் இல்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆப்பு அடித்த மாதிரி பிளந்துகொண்டே போகும். ரிவெட்டை அறுத்தது சுமை இல்லை, அந்த ஆப்பு.

வலது நன்றாக இருக்கிறது, இடதில் மூன்று இடம்தான், நடுவில் நல்ல இரும்பு இருக்கிறது. அதனால் இது செய்யக்கூடிய வேலை. இரண்டு பக்கமும் இப்படி இருந்தாலோ, ஹேங்கர் உட்காரும் இடமே போயிருந்தாலோ, லீ பஜார் தம்பி சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன். இனி உங்கள் வெல்டரிடம் சொல்ல வேண்டியது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சுமை ஏதும் இல்லாமல், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, வெட்டுவதற்கு முன்னால் குறுக்கு மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். பற்றவைத்த பிறகும் அதே அளவு வர வேண்டும். டீசல் டேங்கை இறக்கிவிடுங்கள். காலி டேங்க் என்று விடாதீர்கள், காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். பிரேக் பைப்பையும் ஒயரிங்கையும் நகர்த்திக் கட்டுங்கள். பேட்டரி ஒயர், ஆல்டர்னேட்டர் ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு ஓரடிக்குள் மாட்டச் சொல்லுங்கள். எங்கோ சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கடித்துவிடும்.

மெலிந்த இரும்பைக் கிரைண்டரில் வெட்டி எடுக்க வேண்டும், கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம், சுற்றியுள்ள நல்ல இரும்பு சூட்டில் கெட்டுப்போகும். வெட்டு எங்கே நிற்க வேண்டும்? வெர்னியரில் நல்ல கனம் காட்டும் இடத்தில், அதற்கு முன்னால் இல்லை. வெட்டிய வாயை வட்ட மூலையாக விடுங்கள். கூர்மூலை விட்டால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். அந்த வாய்க்கு அதே 4 மில்லித் தகட்டை வெட்டி, உள்ளே பொருத்தி, முழு ஆழத்துக்குப் பற்றவைத்து, சமமாகத் தேய்க்க வேண்டும். 4 மில்லிக்கு 8 மில்லி வைத்தால் பலம் இரட்டிப்பு என்று நினைக்கிறார்கள். இல்லை. அந்த இடம் மட்டும் விறைத்துப்போய், தகடு முடிகிற ஓரத்தில் சேசிஸ் ஒடியும்.

அதன் மேல் வெளிப்பக்கம் ஒரு வலுத்தகடு. அதன் இரண்டு முனையும் கட்டம் மாதிரி நேராக முடியக்கூடாது, பட்டம் மாதிரி கூம்பி முடிய வேண்டும். சேசிஸுக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் பற்று வைத்தால், அதுவே கிழிக்கப் புள்ளி வைத்த தாள். சாய்வாக வையுங்கள். இரண்டு அச்சுக்கு நடுவில் சுமை ஏறும்போது கீழ்விளிம்புதான் இழுபடும், பின் அச்சுக்குப் பின்னால் மேல்விளிம்பு இழுபடும். இழுபடுகிற விளிம்பின் ஓரத்தில் குறுக்குப் பற்று கூடவே கூடாது.

ஒரே மூச்சில் ஓட்டாமல் இரண்டு அங்குலம் இங்கே, ஆறவிட்டு இரண்டு அங்குலம் அங்கே என்று தாண்டித் தாண்டி வைத்தால் சேசிஸ் முறுக்காது. தெறித்த ரிவெட்டைப் பற்றவைத்து மூடாதீர்கள். அந்தக் கிராஸ் மெம்பரைப் பிரித்து, நடுவில் இருக்கும் துருவைத் துடைத்து, ஓட்டையைச் சரியாக ரீமர் விட்டு, தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத்தின் தரம் குத்திய போல்ட்டை இறுக்கமாகப் போடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_வெல்டர் எழுதியது:

அண்ணன் வெல்டிங் ராடைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் எல்லாவற்றுக்கும் 6013தான். பாயிண்ட் அழகாக உட்காரும்.

சங்ககிரி_பட்டறை எழுதியது:

கேட்டுக்கும் ஜன்னலுக்கும் 6013 தங்கம் தம்பி. அதில் முதல் இரண்டு எண் பலம், 60 ஆயிரம் பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம் பவுண்டு இழுவை. 7018 என்றால் 70 ஆயிரம், இழுத்து இழுத்து விடுகிற வேலைக்கு விரிசல் விடாமல் தாங்கும். ஆனால் ஈரம் பட்ட 7018 ராடு 6013ஐ விட மோசம். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பற்றுக்குள் போய், மறுநாள் தானாக விரிசல் விடும். ராடு சூடாக்கும் அடுப்பு இல்லாத பட்டறை என்றால் அன்றைக்குப் பிரித்த புதுப் பாக்கெட்டாக இருக்கட்டும். கேஸ் விட்டுப் பற்றவைக்கும் கோ2 மெஷின் இருந்தால் இன்னும் நல்லது, 4 மில்லிக்கு அளவான சூடு. வெட்டவெளியில் காற்றடித்தால் மட்டும் கேஸ் பறந்துவிடும், படுதா கட்டிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_வெல்டர் எழுதியது:

புதுப் பாக்கெட் விலையைப் பார்த்தீர்களா அண்ணா?

சங்ககிரி_பட்டறை எழுதியது:

பார்த்தேன். கொண்டை ஊசி வளைவையும் பார்த்திருக்கிறேன்.

எஃப்சி_மாமா எழுதியது:

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி, அதனால் இந்த வேலையை ஒருவர் வருடா வருடம் பார்க்கப் போகிறார். மறைக்காமல் சுத்தமாகச் செய்த வேலைக்கு யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டரோ தகடோ பட்டுவிடக் கூடாது. வேலைக்கு முன்னால் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, டேப் ஒட்டி, வெல்டருக்கும் அவர் உதவிப் பையனுக்கும் காட்டிவிடுங்கள். நம்பர் அழிந்தால் திருட்டு வண்டிக்கு இருக்கும் தொல்லை எல்லாம் உங்களுக்கும் வரும். முழு சேசிஸையே மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்டிஓவில் அனுமதி, பிறகுதான் ஸ்பேனர்.

கன்னங்குறிச்சி_வாத்தியார் எழுதியது:

வெட்டாத இடங்களில் மெல்லிய துரு இருக்குமே, அதற்கு? என் பாட்டி இரும்புச் சட்டி துருப்பிடித்தால் கடுக்காயைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைப்பார். சட்டி கருகருவென்று ஆகிவிடும்.

காப்பித்தோட்டம் எழுதியது:

சிரிக்காதீர்கள், பாட்டி சொன்னதில் வேதியியல் இருக்கிறது. கடுக்காயில் டானின் உண்டு. கடையில் விற்கும் துரு மாற்றும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் டானிக் அமிலம்தான், சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம். துருவோடு சேர்ந்து கெட்டியான கறுப்புப் படலமாக ஆகும். ஆனால் தூள் தட்டிய பிறகு மிஞ்சும் மெல்லிய துருவுக்குத்தான் அது. அடுக்குத் துருவில் ஊற்றினால் மேலே மட்டும் கறுக்கும், கீழே சிவப்பு அப்படியே. சேசிஸுக்குக் கடுக்காய்க் கஷாயம் வேண்டாம், கடையில் வாங்குங்கள்.

அதற்கு மேல் வெறும் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். அது அடிப்பூச்சு, தனியாக விட்டால் ஈரத்தை உள்ளே விடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர், அது காய்ந்ததும் மேலே சேசிஸ் பிளாக் இரண்டு கை. தார் மாதிரி கெட்டியாக அடிக்கும் அண்டர்கோட்டிங் உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்பேன். ஓர் இடத்தில் விரிசல் விட்டால் உள்ளே தண்ணீர் தேங்குவது வெளியே தெரியாது.

நாகலூர்_மிளகு எழுதியது:

வேலை முடிந்தது. 9 நாள். வெட்டியது மூன்று இடம், வலுத்தகடு இரண்டு, 6 போல்ட். புது 7018 பாக்கெட்டை நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வெல்டர் முறைத்தார், டீ வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டார். மூலைக்கு மூலை அளவு 2 மில்லி வித்தியாசத்தில் நின்றது. பழைய மரப் பேக்கிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் பட்டை வைத்தோம். பாடி இறக்கி ஏற்றியது, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 31,000. இரண்டாயிரத்தில் முடிந்திருக்கும் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். வெட்டி எடுத்த துண்டைக் கையில் கொடுத்தேன், விரலால் ஒடித்துப் பார்த்தார், அப்புறம் பேச்சு குறைந்திருக்கிறது.

டிசம்பர் எஃப்சியும் ஆகிவிட்டது. இனி உரம் ஏற்றினால் கீழே தார்ப்பாய், இறக்கியதும் அன்றைக்கே கழுவல்.

லீ_பஜார்_லோடு எழுதியது:

கழுவும்போது தண்ணீர் வடிய கீழ்விளிம்பில் நாலு ஓட்டை போட்டுக்கொள்ளுங்களேன்.

சங்ககிரி_பட்டறை எழுதியது:

ஐயோ, வேண்டாம். விளிம்பில் ஓட்டை போட்டால் விரிசலுக்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி. சேசிஸின் செங்குத்தாக நிற்கும் பக்கத்தில் கம்பெனி போட்ட ஓட்டைகள் இருக்கும், மண் அடைக்காமல் குத்திவிட்டால் போதும். கழுவும்போது மேலிருந்து அடிக்காதீர்கள், உள்பக்கம் சி சேனலுக்குள் குழாயை விட்டுக் கீழ்விளிம்பில் படிந்த மண் வெளியே வரும்வரை அடியுங்கள். அடித்துவிட்டு ஒரு நடை சேலத்துக்கு ஓட்டிவிட்டு வாருங்கள், காற்றிலேயே காய்ந்துவிடும்.

நாகலூர்_மிளகு எழுதியது:

முதல் மழை முடிந்து நேற்று குனிந்து பார்த்தேன். பற்றுகளில் ஒன்றும் இல்லை. கிராஸ் மெம்பர் போல்ட் ஒன்றின் தலையைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்புக் கோடு. பயப்பட வேண்டுமா?

சங்ககிரி_பட்டறை எழுதியது:

ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். போல்ட் திரும்பினால் சொல்லுங்கள், அது வேறு கதை. திரும்பாவிட்டால் இறுக்கும்போது பெயிண்ட் பெயர்ந்திருக்கும், அவ்வளவுதான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மீதி பிரைமரைத் தொட்டு வையுங்கள்.

நாகலூர்_மிளகு எழுதியது:

திரும்பவில்லை. தொட்டு வைத்துவிட்டேன்.